பின்வரிசை மூட்டை

கடல் குப்பைமேட்டை அரித்துக்கொண்டே வந்தது. மணல் லாரி வரவில்லை. குப்பையையே சாக்கில் அள்ளித் தடுப்பு கட்டச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. குப்பை கடலுக்குப் போகாமலிருக்கக் குப்பையாலேயே சுவர்! அள்ளிக்கொண்டிருந்த பவுனம்மாவின் கையில் ஒரு தலையணை வந்தது. கணவன் செத்த பதினாறாம் நாள் அவளே வீசியது. அவள் போட்ட பச்சை நூல் தையல் அப்படியே இருந்தது. செத்தவர் படுத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அதைச் சாக்கில் வைத்துக் கட்டி, கடைசி வரிசையில், மேட்டோரமாக அடுக்கினாள்.

“அங்க எதுக்கு வைக்கிற? அலை மோதுற பக்கம் போடு!” என்று மேஸ்திரி கத்தினார்.

“அந்த மனுசனுக்கு நீச்சல் தெரியாதுங்க.”

சாயங்காலத்துக்குள் முன்வரிசைகளைக் கடல் வாரிக்கொண்டு போனது. எல்லோரும் மேட்டில் ஏறிவிட்டார்கள். பவுனம்மா மட்டும் அந்த மூட்டைக்கு முன்னால் நின்று, அடுத்த அலைக்குக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.