தறிச் சத்தம்

பரிசம் போட நாள் குறிக்க ராசிபுரத்திலிருந்து வண்டி பூட்டி வந்த சம்பந்தி குமாரசாமி, விருந்து முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கூட உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்ட பெண்ணின் அப்பா வீரபாகு, கை கழுவியதும் உள்ளே தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. சந்தைக்குச் சீலை குடுக்கோணும். தறிய உட்டு எந்திரிக்கவே மாட்டாரு" என்றாள் அவர் மனைவி அங்கம்மாள்.

உள்ளே தறி தடக் தடக்கென்று ஓடியது.

"ஆளு எளைச்சாப்பல தெரியுதே?"

"வேலை அலுப்புங்க."

குமாரசாமி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் நெசவுக்காரந்தான், தங்கச்சி. மிதிக்கிற சத்தந்தான் கேக்குது. குறுக்கால நூலை இழுத்துட்டு நாடா ஓடற சத்தமே இல்லை. உள்ள இருக்கறது நூலில்லாத வெறுந்தறி."

அங்கம்மாளின் முகம் வெளுத்தது.

"நெய் பட்டாலே வயித்துவலி ஆளைக் கொல்லுதுங்க. குனிஞ்சு கெடந்தாத்தான் தாங்குது. நோயாளி ஊட்டுச் சம்பந்தம் வேண்டாம்னு போயிடுவீங்களோன்னுதான் உங்ககூட உக்காந்து உண்டாருங்க."

"எங்கப்பாரும் சாகற வரைக்கும் இப்படித்தான் குனிஞ்சே கெடந்தாரு." குமாரசாமியின் குரல் இறங்கியது. "தை பொறந்ததும் பரிசம் போட்டுக்கலாம். மொதல்ல அவரை மிதிக்காம, சும்மா குனிஞ்சிருக்கச் சொல்லுங்க."