பெயர் எழுதிய கேன்

கல்யாண மண்டபத்தின் பின்புறம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றின்மேல் சிவப்புப் பெயின்டில் 'டீசல்' என்று எழுதியிருந்தது. மற்றதில் எதுவும் எழுதவில்லை.

"இது ஒரு பெரிய மனுஷரோட குடும்பப் பேரு, தெரியுமா? இந்த மாதிரி இன்ஜினையே கண்டுபிடிச்சவர்" என்றது பெயர் எழுதிய கேன்.

"உனக்குள்ள இருக்கறது தரை கழுவுற தண்ணியாச்சே" என்றது மற்ற கேன்.

"உள்ள இருக்கறதை யாருப்பா பார்க்கிறாங்க? பேரைப் பார்த்துத்தான் தூக்குவாங்க."

"தண்ணியை ஊத்தினா நான் செத்தேன்" என்று முனகியது ஜெனரேட்டர். அதன் டேங்க் காலியாக இருந்தது.

முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது. ஆபரேட்டர் துரைக்கண்ணு ஓடிவந்து, பெயர் எழுதிய கேனைத்தான் முதலில் தூக்கினார். ஜெனரேட்டர் நடுங்கியது. அவர் வழக்கம்போல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கீழே வைத்துவிட்டார். அடுத்த கேனையும் மோந்து பார்த்து, அதை டேங்கில் ஊற்றினார்.

ஜெனரேட்டர் உறுமியது. மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. கெட்டிமேளம் கேட்டது.

"பாவம்" என்றது பெயர் எழுதிய கேன். "அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது."