நீதிபதியின் கறுப்புத் துணி

“ஐயாவுக்கு இங்கிலீசு தெரியாது. வாய்க்கு வந்ததை அவிட்டு விடுறார்,” என்றான் றஜீபன்.

யூலியானாவின் தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் சிரித்தார்கள். கடும் காற்று. எழுவைதீவுப் படகு இன்னும் வெளிக்கிடவில்லை. கடை ரிவியில் ஒரே ஒரு சனல்தான் இழுத்தது. அதிலும் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படம். கொலைக் கேசில் பிடிபட்ட ஒருத்தனுக்காக அப்புக்காத்து ஒருவர் வாதாடுகிறார்.

ஆழ்வாப்பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்.

“முப்பது வருசம் கோட்டில மொழிபெயர்த்தனான். ஒரு சொல் பிசகினதில்லை. கேளுங்கோ, சொல்லுறன்.”

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அந்த முப்பது வருசக் கதையை அவர் சொல்லாத நாளில்லை.

“அப்புக்காத்து ஏன் ஐயா தலையில ஆட்டுமயிர் வைச்சிருக்கிறார்?” என்றான் றஜீபன்.

“அது மரியாதைக்கு.”

“ஆருக்கு, ஆட்டுக்கோ?”

திரும்பவும் சிரிப்பு. செபஸ்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவவின் மகன் ஜெகதீஸ் கொலைக் கேசில் ஒன்றரை வருசமாக மறியல் சிறையில். வாற திங்கட்கிழமை தீர்ப்பு. இப்பவும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தா. யூலியானா கொடுத்த பணிஸ் கடிபடாமல் கிடந்தது. கையில் செபமாலை, கண் ரிவியில்.

“ஐயா, அந்தப் பொடியனை விட்டிடுவாங்களோ?”

“அப்புக்காத்து கெட்டிக்காரன். எப்பிடியும் வெளியில எடுத்திடுவான், பொறு.”

கடைசியில் நீதிபதி ஒரு கறுப்புத் துணியைத் தலையில் வைத்து, ஏதோ வாசித்தார். கூண்டில் நின்றவன் கம்பியைப் பிடித்தான். ஒருத்தி குழறி அழுதாள்.

“என்னவாம் ஐயா?” செபஸ்தியம்மா எழும்பியே விட்டா.

ஆழ்வாப்பிள்ளை இருமினார்.

“விட்டாச்சு. குற்றவாளி இல்லையாம்.”

“அப்ப அந்தக் கறுப்புத் துணி?” என்றான் றஜீபன்.

“கோடு முடிஞ்சுது. வெளியில பனி. தலையை மூடிக்கொண்டு வீட்டை போறார்.”

“அவள் ஏன் குழறுறாள்?”

“சந்தோசத்தில.”

றஜீபன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். செபஸ்தியம்மா சிலுவை போட்டா. பிறகு பணிசை எடுத்து, தேத்தண்ணியில் தோய்த்து, முழுவதையும் சாப்பிட்டா.

காற்றுத் தணிந்தது. படகில் ஏறி இருந்ததும் றஜீபன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“ஐயா, பிடிபட்டியள்! படத்தின்ர கதை தமிழிலயே கிடக்கு. கறுப்புத் துணி வைச்சால் தூக்குத் தண்டனையாம். அவனைத் தூக்கில போட்டிட்டாங்கள்! இதுகூடத் தெரியாமல் முப்பது வருசம் கோட்டில என்ன செய்தனீங்கள்? ஊரெல்லாம் சொல்லப்போறன்.”

ஆழ்வாப்பிள்ளை படகின் முன்பக்கம் பார்த்தார். அங்கே செபஸ்தியம்மா, பக்கத்தில் இருந்தவளுக்கு அந்த அப்புக்காத்தின் கெட்டித்தனத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தா.

“சொல்லு தம்பி. இந்தக் கிழவனுக்கு இங்கிலீசில ஒரு எழுத்தும் தெரியாதெண்டு மேளம் அடிச்சே சொல்லு,” என்றார் மெதுவாக.

“ஆனால் திங்கட்கிழமை கழியட்டும்.”