பெயரை மாற்ற வந்தவன்

"உயில் எழுதினவனையே கொன்னவன், அந்த உயிலுக்கு எக்ஸிக்யூட்டரா இருக்க முடியுமா சார்?"

வக்கீலின் பேனா அப்படியே நின்றது. எதிரே இருந்தவனுக்கு மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. தெருமுனை மருந்துக்கடைக்காரரின் தம்பி என்று சொல்லிக்கொண்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

"எக்ஸிக்யூட்டர்னா, எழுதினவர் போனப்புறம் சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற பொறுப்பாளர். மேஜரா இருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும். சொத்துல பங்கு இருக்கிற சொந்தக்காரரே இருக்கலாம். கொலைகாரன்னு நிரூபிச்சா கோர்ட் நீக்கிடும்."

"நிரூபிக்க முடியலைன்னா?"

"அப்ப அவரேதான்."

வக்கீல் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். அதைத் தொடாமல், பையிலிருந்த தன் பாட்டிலை எடுத்துக் குடித்தான்.

"அண்ணன் தம்பிக்குள்ள நடந்தாலும் அதே சட்டம்தானா?"

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "யாரா இருந்தாலும் அதான்," என்றார்.

"உயில்ல இருக்கிற எக்ஸிக்யூட்டர் பேரை மாத்தணும்னா?"

"எழுதினவர் உயிரோட இருக்கிற வரைக்கும் மாத்தலாம். ரெண்டு சாட்சி முன்னால புது உயில்ல கையெழுத்துப் போடணும். போடாமலே கண்ணை மூடிட்டா, பழைய உயில்தான் செல்லும்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு சாட்சிகளோட வர்றேன். எங்கண்ணன் காதுக்குப் போக வேண்டாம் சார்." எழுந்தவன், ஜன்னல் வழியாகத் தெருவை இரண்டு முறை பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வக்கீலுக்கு ஒரு நினைப்பு உண்டு. அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணன் உயிலில் கையெழுத்தா? ஆள்மாறாட்டம்தான், அப்புறம் அண்ணன் கதையை முடிப்பதுதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

அந்த அண்ணனோ தங்கமான மனிதர். கொட்டுகிற மழையில் வக்கீலின் ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர். கட்சிக்காரர் பேசியதை வெளியே விடக் கூடாது என்பது தொழில் தர்மம்தான். ஆனால் ஓர் உயிர் போகப்போகிறதே என்று மனசு கேட்கவில்லை.

மருந்துக்கடைக்குப் போன் போட்டார்.

"உங்க தம்பி வந்துட்டுப் போனார். கொலை, உயில்னு ஏதேதோ கேட்டார். நாளைக்கு உங்க உயில்ல பேரை மாத்தப் போறாராம். கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

"என் உயிலா?" மருந்துக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். "நான் உயிலே எழுதலையே சார். எழுதி வச்சிருக்கிறது அவன்தான். அதுல எக்ஸிக்யூட்டர் நான்."

மறுமுனையில் கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து நாளைக்குத்தானே சார்?"