அசலுக்கு ஒரு கோப்பை

கயிற்று முடிச்சு அவிழ மறுத்தது.

கடற்கரைச் சாலையில் பழைய வாகனக் கண்காட்சி. நடுவர் மூன்றாவது வண்டிக்கு வந்துவிட்டார். சந்திரமோகனின் பிக்கப் ஐந்தாவது.

அதன் மூக்கில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் பச்சையம்மாளின் மீன் வண்டி, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது.

சந்தன நிறத்தில் பளபளவென்று புறப்பட்ட பிக்கப், பாதி வழியில் படுத்துவிட்டது. மீன் ஏற்றிய தன் பழைய மோட்டார் வண்டியைப் பெரிய மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போய்க்கொண்டிருந்த பச்சையம்மாளை மெக்கானிக் ஷஹாபுதீன்தான் கைகாட்டி நிறுத்தினார். அவள் கட்டி இழுத்து வந்தாள். போட்டது வலைக்காரர் முடிச்சு. ஈரத்தில் நன்றாக இறுகியிருந்தது. அவிழ்த்துத் தரச் சொல்லி அவளிடம் கேட்கச் சந்திரமோகனுக்குக் கௌரவம் இடம் தரவில்லை.

அறுத்துவிடலாம் என்றால் அதற்கும் அவள் விடவில்லை.

“நேத்து வாங்குன கயிறு தம்பி. கத்தி வெச்சீங்க, அவ்ளோதான்.”

சந்திரமோகனுக்கு வியர்த்துக் கொட்டியது. நாளை அவருடைய பாரம்பரிய விடுதியின் திறப்பு விழா. அழைப்பிதழ் ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ‘அசல் வண்டிக்கான கோப்பை வென்ற குடும்பம்’ என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார். கோப்பை மட்டும்தான் பாக்கி.

பிக்கப்பின் கண்ணாடியில் ஓர் அட்டையும் மாட்டியிருந்தார். ‘என் தந்தை அரிகிருஷ்ணனின் வண்டி. பிரெஞ்சு துரைமார் கப்பலேறியபோது அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்தது. அன்று போலவே இன்றும்.’

அன்று போலவே என்பதில் கொஞ்சம் இழுபறி உண்டு.

முதலில் இஞ்சினை மாற்றச் சொன்னார். நன்றாகத்தானே ஓடுகிறது என்றார் ஷஹாபுதீன். மாற்றுங்கள் பாய் என்றார் இவர். ஜீப் இஞ்சின் ஏறியது. அதன் உதறலைப் பழைய சேசிஸ் தாங்காது என்று விழுப்புரத்திலிருந்து ஒரு வேன் சேசிஸ் வந்தது. பழைய பாடி அதில் உட்காராமல் அடம்பிடித்தது. புதுத் தகட்டில் பாடி அடித்தார்கள். சீட், ஸ்டியரிங், ஹாரன் எல்லாம் கோயம்புத்தூர்.

மிஞ்சிய அசல், ஆர்.சி. புத்தகம் ஒன்றுதான். அதிலும் இறந்துபோன அப்பாவின் பெயரே இருந்தது. பெயர் மாற்ற ஆபீஸுக்கு நடக்கச் சோம்பல்.

கழற்றிய சாமான்களை என்ன செய்வது என்று கேட்டபோது, எங்கேயாவது தூக்கிப் போடுங்கள் பாய் என்று சொல்லியிருந்தார்.

நடுவர் செந்தமிழ்ச்செல்வி வந்தேவிட்டார். முப்பது வருடம் போக்குவரத்துத் துறையில் வண்டி பார்த்து ஓய்வுபெற்றவர். பளபளப்பெல்லாம் அவரிடம் எடுபடாது. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். தாளில் எழும் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

சந்திரமோகனும் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தில் உள்ள எண்ணைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒட்டி வைத்திருந்தார்.

நடுவர் அம்மா நகத்தால் ஒரு தட்டு தட்டினார். தகடு அவர் கைக்கே வந்துவிட்டது.

 அவர் பார்வை கயிற்றைப் பிடித்துக்கொண்டே மீன் வண்டிக்குப் போனது. அதன் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். சேலையை இடுக்கிக்கொண்டு குனிந்தார். தாளை வைத்தார், தேய்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

எண் ஒன்றுவிடாமல் பொருந்தியது.

ஷஹாபுதீன் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். பாய் மேல் தப்பில்லை. சொன்னபடியே தூக்கித்தான் போட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், பச்சையம்மாளின் வண்டியில் போட்டிருந்தார்.

ஓர் அம்மா தன் வண்டியை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று பச்சையம்மாளுக்குக் கூச்சமாகிவிட்டது. ஈரச் சாக்கை எடுத்து அவசரமாகக் கதவைத் துடைத்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிய நீலப் பெயிண்ட், சாக்கோடு உரிந்து வந்தது. அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது.

செந்தமிழ்ச்செல்வி உரக்கவே படித்தார். “அரிகிருஷ்ணன், கருவாட்டு வியாபாரம்.”

உண்மையில் அந்த இஞ்சினுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சூடானால் கருவாட்டு வாசனை வந்தது, அதுதான் குறை. இஞ்சினை மாற்றினார், வாசனை போகவில்லை. சேசிஸை மாற்றினார், போகவில்லை. பாடியை மாற்றிய பிறகுதான் சந்திரமோகன் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

“அப்போ இதுதான் உங்க வண்டியா?” என்று கேட்டார் நடுவர்.

சுற்றிலும் அழைப்பிதழ் வாங்கியவர்கள் நின்றார்கள். ஒரு பெண்மணி கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தாள்.

“இல்லீங்க. எங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

 சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. மறுபடி குனிந்து முடிச்சோடு மல்லுக்கட்டினார்.

 செந்தமிழ்ச்செல்வி ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு மேடைப் பக்கம் போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அசல் வண்டிக்கான கோப்பை, கருவாட்டு வியாபாரி திரு. அரிகிருஷ்ணன் அவர்களுக்கு என்றது. உரிமையாளர் மேடைக்கு வரவும் என்றது.

கூட்டம் கைதட்டியது. ஒவ்வொருவராகத் திரும்பி, சந்தன நிற பிக்கப்பில் தொங்கிய அட்டையில் அதே பெயரைப் படித்தார்கள்.

சந்திரமோகன் நிமிரவில்லை.

பச்சையம்மாள் பக்கத்தில் வந்து, அவர் விரல்களை விலக்கி, முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

“போங்க தம்பி,” என்றாள். “அப்பாவ கூப்புட்றாங்க.”