பொம்மி தவழ்ந்த இடம்

புலிகளைக் கணக்கெடுக்க நாவல் மரத்தில் கட்டியிருந்த கேமராவுக்கு முன்னால் அந்த இளம்பெண் தவழ்வதைப் புலி புதருக்குள்ளிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. முதலில் பேட்டரி மாற்றுவாள். பிறகு கையும் முழங்காலும் மண்ணில் பதிய, புலியைப் போலவே கேமராவைக் கடந்து போவாள். அதில் சிவப்பு விளக்கு மினுங்கினால், “சரி, கண்ணு தெரியுது” என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்வாள்.

மழைக்காலம் வந்தது. அவள் வரவில்லை.

பனி விலகாத ஒரு காலையில் புலி மரத்தடிக்கு வந்தது. “என்னை மாதிரி நடந்து காட்டுமே ஒரு பொண்ணு, அது எங்கே?”

“பொம்மியா? திட்டம் முடிஞ்சதுன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இப்ப டவுன்ல ஜவுளிக்கடையில நிக்கிறா,” என்றது கேமரா. பேட்டரி தீரப்போவதால் அதன் குரல் கம்மியிருந்தது. “அவளை மாதிரி சின்னஞ்சிறுசுக யாரும் இப்ப காட்டுப்பக்கம் வர்றதில்ல.”

“வராட்டி என்ன?”

“இந்த விளக்கு எரிஞ்சாத்தான் நீ இருக்கேன்னு வெளியில தெரியும்.”

“தெரியாட்டி நான் இல்லாமப் போயிடுவேனா?” புலிக்குச் சிரிப்பு வந்தது.



அவள் தவழ்ந்த இடத்திலேயே புலி மெல்ல நடந்து பார்த்தது. விளக்கு மினுங்கவில்லை. திரும்பவும் நடந்தது. மினுங்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் காடே அதிர உறுமியது. தாழ்ந்த கிளையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

புலி குனிந்து தான் நடந்து வந்த பாதையைப் பார்த்தது. முந்தின நாள் மழையில் மண் களியாகக் குழைந்து கிடந்தது. அதில் ஒரு தடம்கூட இல்லை.