மூன்றாம் தொட்டிக் குஞ்சுகள்

ஜூன் 12, புதன். நேற்று மூன்றாம் தொட்டியைக் கழுவும்போது அதில் கிடந்த வெற்று ஓடுகளைச் செத்த குஞ்சுகள் என்று நினைத்து அள்ளிக் கொட்டிவிட்டேன். நன்னீர் சிங்கி இறால் வளர வளர ஓட்டைக் கழற்றும் என்று தெரிந்தும் தவறினேன்.

மாலை வகுப்புக்குக் கிளம்பும் நேரம். கொட்டகையில் காற்றுக்குழாய்கள் குமிழிவிடுகின்றன. தண்ணீரில் பட்ட வெயில் தகரக்கூரையில் நெளிகிறது. பண்ணையை நடத்தும் சித்தி, தீனி போடுபவரின் வாளியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். குஞ்சுகள் பாதியாகிவிட்டன; அவர் திருடுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். இன்னும் குறைந்தால் அவருக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

“சாப்பாட்டு டப்பாவையும் தெறக்கட்டுமாம்மா?”

“தெற.”

திறக்கிறார். ஈரக் கரண்டி மட்டும் கிடக்கிறது. “வேணும்னா வாயையும் தெறக்கிறேன்,” என்கிறார். சித்தி சிரிக்கவில்லை.

நான் தொட்டியின் மேல் குனிகிறேன். ஓடு கழன்ற குஞ்சு ஒன்று வெளுத்து, மெத்தென்று, குழாய்த் துண்டுக்குள் ஒதுங்கப் பார்க்கிறது. பெரிய குஞ்சு ஒன்று பின்னாலேயே போய் அதன் வாலைக் கவ்வுகிறது.

“சித்தி, இதுங்களே ஒண்ணையொண்ணு தின்னுதுங்க.”

வந்து பார்க்கிறாள். “சரி. அதுக்காக அத்தனையுமா தின்னிருக்கும்?”

“தொட்டியக் கழுவுறது யாருன்னும் கேளுங்கம்மா,” என்கிறார் அவர், டப்பாவை மூடியபடி.

சித்தியின் பார்வை என் வகுப்புப் பையில் வந்து நிற்கிறது. அவள் கேட்கும் முன்பே ஜிப்பைத் திறக்கிறேன்.

நாளைய வேலை: பெரிய குஞ்சுகளைப் பிரித்து நான்காம் தொட்டியில் விட வேண்டும். சித்தி முன்னால், அவரும் நானும் சேர்ந்தே.